பகல் மடம்

ஆவுடையப்பன் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு குளியல் தட்டிக்கு வெளியே வந்தபோது, அடுப்படியில் குந்தியிருந்த முத்துக்கனிக்கு எழுந்து நிற்கலாமா என்று தோன்றிவிட்டது. மூன்று வருஷமாக அந்த மனுசருக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள். காய்ச்சலில் கிடந்தபோது துணியை நனைத்து வாயில் பிழிந்தவளும் அவள்தான். அப்போதெல்லாம் தோன்றாத மரியாதை இப்போது எங்கிருந்து வந்ததோ! வழித்த முகம், நெற்றி நிறையத் திருநீறு, படிய வாரிய வெள்ளை முடி. துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்த விதத்தைப் பார்த்தால், பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர் என்று யாரும் சொல்லுவார்கள்.

“என்ன முத்துக்கனி, அப்படிப் பாக்க?”

“மாப்பிள்ள கணக்கா இருக்கீயளே அண்ணாச்சி. பொண்ணு பாத்துருவமா?”

கேலிக்கெல்லாம் பதில் சொல்லாத ஆள். அன்றைக்கு என்னவோ வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு, சுவரோரம் விரித்திருந்த பாயில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது. வேட்டி, காலமாகிப்போன அய்யாக்குட்டி அண்ணாச்சியுடையது. அவர் வீட்டம்மா ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருந்தாள். முத்துக்கனி அதைக் காரம் போட்டு வெளுத்து, நீலம் முக்கி, ஆண்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது, ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கி வைத்திருந்த அந்தக் கிட்டங்கி. மூட்டை போய்ப் பத்து வருஷமாகியும், மழை பெய்தால் சுவரிலிருந்து நெடி கிளம்பி உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள். போர்டில் வியாபாரிகள் சங்கத்தின் நீளமான பேர் எழுதியிருக்கும். ஊரில் அதற்குப் பேர் பகல் மடம். காலையில் ஏழு மணிக்குத் திறந்து சாயந்தரம் ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். மடம் என்றால் ராத்திரி படுக்கத்தானே, இது என்ன தலைகீழ் மடம் என்று பஜாரில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கிறவனுக்கென்ன, வீடு இருக்கிறது, சிரிக்கிறான். வீடில்லாதவனுக்கு ராத்திரி ஒரு பாடே இல்லை. கடை அடைத்த பிறகு கடைவாசல் எல்லாம் காலிதான், எங்கே துண்டை விரித்தாலும் கேட்க ஆளில்லை. விடிந்தால்தான் வரும் வினை. வாசல் தெளிக்கிறவள் தண்ணீரை மேலேயே ஊற்றுவாள். ஸ்டேஷனில் கம்பால் தட்டுவார்கள். நின்றால் ஏன் நிற்கிறாய், உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய். பகலில் எந்த இடமும் யாரோ ஒருவருடைய இடம். இருக்கிற ஒரே துணியைத் துவைத்தால் அது காய்கிற வரைக்கும் எங்கே போய் மறைந்திருப்பது? பெண்பிள்ளைகள் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

அய்யாக்குட்டி அண்ணாச்சி சங்கத் தலைவராக இருந்தபோது ஒரு நாள், தன் கடைக்கு எதிரே ஒருவன் சுவரை ஒட்டி நிற்பதைப் பார்த்தார். காலையில் சுவருக்கு மேற்கே நின்றான். வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்து, சாயந்தரம் கிழக்கே வந்துவிட்டான். “ஏம்லே, ஒரு இடத்துல உக்காரப்படாதா?” என்று இவர் கேட்டதற்கு, “உக்காந்தா எழுப்பி வுட்டுருதாவ அண்ணாச்சி” என்றானாம். மறுவாரமே கிட்டங்கியைத் திறந்துவிட்டார் மனுசர். பஜாருக்கு வந்து போகிற ஒவ்வொரு வெங்காய மூட்டைக்கும் கருப்பட்டிச் சிப்பத்துக்கும் இவ்வளவு காசு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைக்கிற மகமை எப்போதும் உண்டு. பள்ளிக்கூடம், கோயில், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதிலிருந்து ஒரு கிள்ளு பகல் மடத்துக்கு. குளிக்கத் தண்ணீர், துவைக்கக் கல், மத்தியானம் கஞ்சி, மூட்டை முடிச்சு வைக்க மரத்தட்டு, புண்ணுக்கு மருந்து. புருசனைத் தோணியோடு கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற முத்துக்கனிக்கு அங்கே வேலை.

போன பங்குனியில் அய்யாக்குட்டி அண்ணாச்சி கண்ணை மூடிவிட்டார். புது ஹார்பர் வந்த பெருமையை ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆனால் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் போவது படுத்துவிட்டதால், தோணிகள் பழைய துறையில் கட்டிக் கிடந்தன. மூட்டை குறைந்தால் மகமையும் குறையும். பள்ளிக்கூடக் கூரை வேறு ஒழுகியது. எதை விடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது எல்லார் வாயிலும் முதலில் வந்தது பகல் மடம்தான். புதுத் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சிதான், “நேர்ல பாக்காம ஒரு வேளச் சோத்த நிறுத்த மாட்டேன்” என்று சொல்லி முடிவைத் தள்ளிவைத்திருந்தார். சங்கத்துக் குமாஸ்தா சிவனாண்டி வந்து முத்துக்கனியிடம் விஷயத்தைச் சொன்னான்.

“வெள்ளிக்கெழம தலைவர் வாராவ. நாலு பேருட்ட ரெண்டு வார்த்த கேப்பாவ. அவுக மனசுக்குப் பிடிச்சாத்தான் அடுத்த வருசத்துக்குப் பணம். மடத்த நல்லா வச்சிக்கோ, பாத்துக்கோ.”

அவள் நல்லாத்தான் வைத்தாள். பாவி, அதில்தான் கெட்டது. இரண்டு நாள் தூங்கவில்லை. தரையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். நாவிதரைக் கையில் காலில் விழுந்து கூட்டிவந்து பதினாலு பேரில் ஆண்கள் ஒன்பது பேருக்கும் முடி வெட்டினாள். அந்தக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று வல்லநாட்டுத் தண்ணீர் வருகிற குழாயில் விடிகாலையில் வரிசை நின்று பத்துக் குடம் சுமந்தாள். அதோடு விட்டிருக்கலாம். எல்லாரையும் உட்காரவைத்து ஒரு பிரசங்கமும் செய்தாள். “இந்தா பாருங்க, வாரவுக பெரிய மனுசங்க. கேட்டா மரியாதையாப் பதில் சொல்லணும். மூக்கால அழப்படாது. பிச்ச கேக்குத மாதிரி பேசுனா எனக்குக் கெட்ட கோவம் வரும். நம்ம மடத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு, சொல்லிட்டேன்.” எல்லாரும் தலையாட்டினார்கள். ஆவுடையப்பன் மட்டும், “நீ கவலப்படாத முத்துக்கனி” என்றார்.

பதினொரு மணிக்கு அம்பாசடர் கார் வந்து நின்றது. காசிலிங்கம் அண்ணாச்சி சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு இறங்கினார். பின்னால் சிவனாண்டி. தலைவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முத்துக்கனிக்கு அதிலேயே மனசு நிறைந்துபோய்விட்டது. மரத்தட்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், துவைக்கிற கல்லைக்கூடக் குனிந்து தொட்டுப் பார்த்தார். நாற்காலியை மறுத்துவிட்டு, எல்லாருக்கும் எதிரே பாயிலேயே உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, வரிசையில் மூத்தவராகத் தெரிந்த ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“பெரியவருக்கு எந்த ஊரு?”

“ஸ்ரீவைகுண்டம். பேரு ஆவுடையப்பன்.”

“அங்கன வீடு வாசல்லாம் எப்படி?”

முத்துக்கனி காப்பித் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். காய்ச்சல் பிதற்றலில் மூன்று நாள் பகல் முழுக்க அவர் சொன்னது அது ஒன்றுதான். அரிசி ஆலையில் கணக்கெழுதிய மனுசர். பெண்டாட்டி சீக்குக்கு வீட்டை விற்றார், விற்ற கையோடு அவளும் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. வாங்கினவன் வீட்டை இடித்துவிட்டு வைக்கோற்படப்பு போட்டிருக்கிறான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பஸ் ஏறி, பஸ் எங்கே போய் நின்றதோ அங்கே இறங்கியிருந்தார். இப்போது தபாலாபீஸ் வராந்தாவில் படுக்கை. சொல்லுங்க அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் துண்டின் மடிப்பை ஒரு தரம் தடவினார்.

“இருக்கு. ரெண்டு கட்டு வீடு. பின்னால தொழுவம்.”

“அப்படியா! வயல் உண்டுமா?”

“கொஞ்சம் உண்டு. தம்பி பாத்துக்கிடுதான்.”

“புள்ளைக?”

“பேரன் ஒருத்தன், பேத்தி ஒருத்தி.”

காசிலிங்கம் அண்ணாச்சி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது. “பொறவு இங்கன என்ன அண்ணாச்சி?” பெரியவர் போய் அண்ணாச்சி ஆகியிருந்தார்.

“கடக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு வைத்தியர் சொன்னாரு. கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போவலாம்னு வந்தேன்.”

ஒருத்தராவது சிரிக்கவேண்டுமே! ஒருவரும் சிரிக்கவில்லை. மற்ற பதின்மூன்று பேரும் அந்த வீட்டில் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள். அடுத்து அமலோற்பவத்தைக் கேட்டார். மணப்பாட்டுக்காரி. கப்பலுக்குப் போன மகனிடமிருந்து கடிதாசி வந்து பதினோரு வருஷமாகிறது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “நமக்கு மணப்பாட்டுல கோயிலுக்குக் கீழ வீடு. சோறு பொங்குத குசினியே தனியா ஒரு வீடு கணக்கா இருக்கும். மவன் கப்பல்லருந்து வந்ததும் போயிருவேன்” என்றாள். மூட்டை தூக்கி முதுகு போன நல்லக்கண்ணு, ஏரலில் அக்கா வீடு என்றான். அக்கா இவனை விரட்டி விட்டதை இவனே நூறு தரம் சொல்லி அழுதிருக்கிறான். இப்போது, “நாள் தவறாம ஆள் விடுதா, நாந்தான் போகல” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். அப்புறம் யாரையும் கேட்க வேண்டியே இருக்கவில்லை, தாங்களாகவே சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பதினாலு பேருக்கும் வீடு முளைத்துவிட்டது. இரண்டு பேருக்கு மாடி.

முத்துக்கனி துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். இவர்களை அழுக்குத் துணியோடு அப்படியே விட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார்கள். சவத்து மூதி, நானில்ல குளிப்பாட்டி உக்கார வச்சேன் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். “அண்ணாச்சி, அது வந்து…” என்று வாயெடுத்தாள். ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணால் கெஞ்சியிருந்தால்கூட அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் நிமிர்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்தார்.

“என்னளா?” என்றார் தலைவர்.

“இன்னொரு காப்பி கொண்டாரட்டா?” என்று கேட்டாள்.

காசிலிங்கம் அண்ணாச்சி எழுந்து வெளியே போனபோது பின்னாலேயே ஓடினாள். காருக்குப் பக்கத்தில் அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். முகம் அப்படி விரிந்திருந்தது. “எனக்கு நாலு நாளா ஒறக்கமில்ல முத்துக்கனி. கதியத்தவங்க சோத்துல மண்ணள்ளிப் போடப்போறமேன்னு. ஆண்டவன் காப்பாத்திட்டான். எல்லாருக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கு.”

“இல்ல அண்ணாச்சி. அவுக சொல்லுதது…”

“சொல்லுதது?”

“அப்படியே எடுத்துக்கிட முடியாது அண்ணாச்சி.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “பொய் சொல்லுதாவளா? ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு வீடு இல்லங்கியா? கூப்பிட்டு உன் முன்னாலயே கேட்டுருவோம். உள்ளது எதுன்னு தெரிஞ்சிட்டா நான் சங்கத்துல சண்ட போட்டாவது பணம் வாங்கித் தாரேன். சிவனாண்டி, அந்த அண்ணாச்சிய இங்கன வரச்சொல்லு.”

கேட்டால் சொல்லிவிடுவார். அது அவளுக்குத் தெரியும். முகத்துக்கு எதிரே இரண்டாம் தரம் பொய் சொல்லுகிற ஆளில்லை. எனக்கு வீடு இல்லை, நாதியில்லை என்று இந்த வேட்டியோடு, இந்தத் தெருவில் நின்று சொல்லுவார். மடம் பிழைத்துவிடும். மறுநாள் காலையில் மடத்துக்கு அவர் வரமாட்டார். நாதியற்றவர் என்று பேர் வாங்கின இடத்தில் வந்து அவர் கஞ்சி குடிப்பாரா? தபாலாபீஸ் வராந்தாவிலும் இருக்கமாட்டார். ஒருத்தரை உரித்துக் காட்டித்தான் பதின்மூன்று பேருக்குச் சோறு என்றால், அந்தச் சோற்றை எந்தக் கையால் போடுவது? சிவனாண்டி வாசற்படியில் கால் வைத்துவிட்டான்.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் முத்துக்கனி. “நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன்.”

“வேல போயிருமேன்னு பயப்படுத. ஏளா, உன்ன அப்படி விட்டுருவமா? பள்ளிக்கூடத்துல ஆயா வேல இருக்கு. நான் சொல்லுதேன்.” அவர் அவளுடைய தலையில் கை வைக்காத குறை. “மகமையில ஊர் திரும்ப வழியில்லாம நிக்கவங்கள பஸ் ஏத்தி அனுப்புத பழக்கம் ஒண்ணு உண்டு. அண்ணாச்சிய இன்னைக்கே நானே கூட நின்னு ஏத்தி விடுதேன். மத்தவங்க ஒவ்வொருத்தராப் போகட்டும். மாசக் கடைசியில கிட்டங்கியப் பூட்டிருவோம்.”

ஆவுடையப்பனிடம் சொன்னபோது அவர் உடனே எழுந்துவிட்டார். மரத்தட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டார். காரின் முன்சீட்டில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வாரேன் என்று முத்துக்கனி பின்னால் ஏறிக்கொண்டாள். வழி நெடுகக் காசிலிங்கம் அண்ணாச்சி நெல் விலையைப் பற்றிக் கேட்டார். இவர் தாமிரபரணியில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பதில் சொன்னார். ஆலையில் இருந்தவருக்கு அதெல்லாம் தெரியாதா என்ன?

ஸ்ரீவைகுண்டம் பஸ் நின்றுகொண்டிருந்தது. “வெறுங்கையோட வீட்டுக்குப் போகப்படாது அண்ணாச்சி, பேரப்புள்ளைக கையைப் பாக்கும்லா” என்று சொல்லிவிட்டுத் தலைவர் பேக்கரியைப் பார்த்து நடந்தார். அப்போதுதான் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள்.

“ஏன் அண்ணாச்சி இப்படிச் சொன்னீய?” முத்துக்கனிக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தாலும் அவளுக்கு அழுகைதான் வரும்.

“வேற என்னத்தச் சொல்ல? அவ்வளவு மரியாதையாக் கேட்டாரு. என்னைய யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சு முத்துக்கனி.”

“நீங்க அங்கன எறங்கி அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பி வந்துருங்க. இந்தாங்க.” முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. “திரும்பி எங்க வர?” என்று மட்டும் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதற்குள் தலைவர் மக்ரூன் பொட்டலத்தோடும் ஒரு சீப்புப் பழத்தோடும் வந்துவிட்டார். சில்லறையை அவள் கைக்குள்ளேயே மூடிக்கொண்டாள்.

காசிலிங்கம் அண்ணாச்சி பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோர இடமாகப் பார்த்து அவரை உட்காரவைத்தார். பொட்டலத்தை மடியில் வைத்தார். கண்டக்டரைக் கூப்பிட்டார். “தம்பி, நமக்கு வேண்டிய அண்ணாச்சி, பெரிய வீட்டு மனுசர். கையில சாமான் இருக்கு, பாத்து எறக்கி விடணும்.”

“அதுக்கென்ன ஐயா, நானும் அந்த ஊருதான்” என்றான் கண்டக்டர். “இந்த டிரிப்போட எனக்கு டூட்டி முடியுது. வீட்டு நடையிலயே கொண்டுபோய் விட்டுருதேன்.”

“பாத்தீயளா, என்ன பொருத்தம்!” காசிலிங்கம் அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “போயிட்டு வாங்க அண்ணாச்சி. அடுத்த தடவ வரும்போது நம்ம வீட்டுல வந்துதான் தங்கணும்.”

“அறுப்பு முடியட்டும், வாரேன்” என்றார் ஆவுடையப்பன்.

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். முத்துக்கனியும் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள். ஜன்னலுக்குள் கண்டக்டர் அவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று கேட்டிருப்பான். ஆவுடையப்பன் ஒரு கையால் பொட்டலத்தை அணைத்தபடி, மற்றக் கையைத் தூக்கி அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இங்கே முற்றம், இது கிணறு, அங்கே மாடிப்படி என்று அந்தக் கை காற்றில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனது. பஸ் மார்க்கெட்டுப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அது கீழே இறங்கவில்லை.